காற்றுக்கு முதுகு

புறா சுடப் போவதென்றால் முதல் நாள் துப்பாக்கி எடுத்துப் போகக் கூடாது. கிழவர் வைத்திருந்த சட்டங்களில் இதுதான் முதல் சட்டம். துப்பாக்கி கூட வந்தால் கண் புறாவை மட்டும் தேடும், வயலைப் பார்க்காது என்பார். இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ்ஷயர் சஃபக்கைத் தொடுகிற மூலை அது. நியூமார்க்கெட் குதிரைப் பந்தயத் திடல்களுக்குத் தெற்கே களிமண் மேடுகள். ஜனவரியில் எட்டு மணிக்குத்தான் வெளிச்சமே வரும். வண்டியை வயலோரத்து மண்பாதையில் நிறுத்தி, எஞ்சினை அணைத்து, கண்ணாடியை இரண்டு விரற்கடை இறக்கிவிட்டு உட்கார்ந்திருப்போம். அவர் மடியில் பைனாகுலர், என் மடியில் தெர்மாஸ். வண்டிக்குள் இருக்கிற மனுஷனைப் புறா கண்டுகொள்வதில்லை. டிராக்டர், தபால் வேன், உரம் ஏற்றி வரும் லாரி எல்லாம் அதற்குப் பழக்கம். கதவைத் திறந்து ஒரு காலை வெளியே வைத்தால் போதும், அத்தனையும் படபடவென்று இறக்கை தட்டி எழும்பிவிடும்.

எங்கே இறங்குகிறது என்பதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று முதலில் பார் என்பார். எனக்கு ஆரம்பத்தில் எல்லாத் திசையிலிருந்தும் வருவதாகத்தான் தெரிந்தது. வானம் முழுக்கத் திறந்து கிடக்கிறதே, எப்படி வேண்டுமானாலும் வரலாமே. ஒரு மணி நேரம் சும்மா பார்த்துக்கொண்டிருந்தால் ஒழுங்கு புலப்படும். காட்டின் தெற்கு முனையில் கிளம்பும். உயிர்வேலியை ஒட்டிக் கொஞ்ச தூரம். அங்கிருந்து பள்ளத்தின் மேலாக வந்து, மின்கோபுரத்துக்கு இந்தப் பக்கம் திரும்பி வயலுக்குள் வரும். அடுத்து வருவதும் அதே வழி. அரை மணி கழித்துத் தனியாக வருகிற ஒன்றும் அதே இடத்தில்தான் திரும்பும். மாட்டுக்குத் தடம் மண்ணில் விழுகிறது, இதற்கு எங்கே விழுகிறது என்று கேட்டேன். வேலி, பள்ளம், மரம், கம்பி இதெல்லாம் அதற்கு மேலேயிருந்து பார்த்தால் ரோடு மாதிரிதானே என்றார். ஊரில் கண்மாய்க்குத் தண்ணீர் வருகிற வழியை வரத்து என்போம். என் மனதில் அதற்கு அந்தப் பெயர்தான் நின்றது: புறா வரத்து.

எனக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று ஊரில் கேட்கிறார்கள். சம்பந்தம் மருந்துக்கடை வழியாக வந்தது. இந்தப் பக்கத்துச் சந்தை ஊர் ஒன்றில் நான் மருந்தாளுநர். கிழவர் வாழ்நாள் முழுக்க டிராக்டர் ஓட்டி ஓய்ந்தவர். முழங்கால் அறுவை முடிந்து வலி மாத்திரை வாங்க வருவார். மாத்திரையை விட மாத்திரை தருகிறவனிடம் பேச்சுத்தான் அவருக்கு வேண்டியிருந்தது. என் அப்பா விளாத்திகுளம் பக்கம் மானாவாரிக் கரிசலில் கம்பும் சோளமும் போட்டவர் என்று ஒருநாள் பேச்சுவாக்கில் சொன்னேன். பறவை தின்னுமா என்று கேட்டார். தின்னாமல்? என்ன செய்வீர்கள் என்று கேட்டார். அதிலிருந்து பிடித்ததுதான். புறா சுட ஒளிந்து உட்காரும் மறைப்புக்கான வலையையும் கழிகளையும் சுமக்க அவருக்கு ஆள் வேண்டியிருந்தது. எனக்கு ஞாயிற்றுக்கிழமைகள் சும்மா கிடந்தன. துப்பாக்கி நான் தொட்டதில்லை. அதற்குப் போலீஸ் தருகிற சான்றிதழ் வேண்டும், ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும், இரும்புப் பெட்டியில் பூட்டி வைக்க வேண்டும். எனக்கு ஆசையும் இல்லை. மறைப்புக்குள் உட்கார்ந்திருப்பதுதான் பிடித்திருந்தது.

ஊரில் நாங்கள் செய்தது இதற்கு நேர் எதிர். சோளம் பால் பிடித்துவிட்டால் கொல்லை நடுவே நாலு கால் நட்டுப் பரண் கட்டுவார்கள். எவ்வளவு உயரமோ அவ்வளவு நல்லது. ஏறி நின்றால் அடுத்த ஊர்க் கோபுரம் தெரியும்; அடுத்த ஊர்க்காரனுக்கும் நம்மைத் தெரியும். தகரத்தைத் தட்டுவது, கவணில் கல் விடுவது, தொண்டை வறளக் கத்துவது. கிளிக்கும் குருவிக்கும் நாம் இருப்பது தெரிய வேண்டும், அதுதான் காவல். பள்ளிக்கூடம் விட்டதும் அந்த வேலை என் தலையில் விழும். நிற்கிற இடத்தைப் பற்றி யாரும் யோசித்ததில்லை. நடுவே நில், சத்தம் போடு, அவ்வளவுதான். இங்கிலாந்தில் அந்தக் காவலை காஸ் துப்பாக்கி என்கிற ஒரு கருவி செய்கிறது. புரொபேன் சிலிண்டரோடு இணைத்த குழாய். சில நிமிஷத்துக்கு ஒருதடவை தானாக வெடிக்கும். இரண்டு நாள் புறா பயப்படும். மூன்றாம் நாள் அதன் பக்கத்திலேயே மேயும். ஆள் இல்லாத பரணைக் கிளி எத்தனை நாள் மதிக்கும்?

அதனால் ஒளிந்திருந்து சுட வேண்டியிருக்கிறது. ஒளிந்திருப்பது நமக்கும் புதிதில்லைதான். பெரும்பாணாற்றுப்படையில் வேட்டுவர்களான எயினர்கள் நீர்ப்பக்கம் குழி தோண்டி, அதற்குள் ஒடுங்கி உட்கார்ந்து, நடுராத்திரியில் தண்ணீருக்கு வருகிற பன்றியை எதிர்பார்த்திருக்கிறார்கள். அவர்கள் குடிலின் முன்னால் விளா மரத்தில் பார்வை மான், மற்ற மான்களை இழுக்கப் பழக்கிய மான், கட்டியிருக்கிறது. குழி எங்கே என்பதைத் தண்ணீர் தீர்மானித்துவிடுகிறது. பன்றியின் காலடி தீர்மானித்துவிடுகிறது. எயினனுக்கு உட்கார வசதியான இடம் எது என்ற பேச்சே அங்கே இல்லை. கிழவருக்கு இதைச் சொன்னபோது, எத்தனை வருஷத்துப் பாட்டு என்று கேட்டார். ரெண்டாயிரத்தை ஒட்டி என்றேன். அப்போதே கண்டுபிடித்துவிட்டார்களா என்று கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் சொன்னார்.

வசதியான இடம் என்ற சபலம் எனக்குத்தான் இருந்தது. வயல் மூலையில் ஐவிக்கொடி ஏறிய ஒரு பெரிய ஓக் மரம். அடியில் காய்ந்த மண், காற்று அடிக்காது, முதுகு சாய்த்துக்கொள்ளலாம், வண்டியிலிருந்து நாற்பது எட்டு. இதைவிட என்ன வேண்டும் என்றேன். புறாவுக்கு வேண்டியது அங்கே இல்லையே என்றார். அவர் கைகாட்டிய இடம் வேலியில் ஒரு ஓட்டை விழுந்த பகுதி. முள் மண்டி, தரை ஈரமாகி, பக்கத்தில் வாய்க்கால். மூட்டைகளோடு கால் மைல் நடக்க வேண்டும். ஆனால் வரத்து அதன் மேலாகத்தான் போனது. எதிரே எண்ணெய்க்கடுகு வளராமல் சொத்தையாக நின்ற திட்டு. அடர்ந்து தழைத்த பயிருக்குள் புறா இறங்காது. சோனிப் பயிர் இருக்கிற இடம் பார்த்து இறங்கும். தண்டும் நரம்பும் மிஞ்ச இலையை உரித்துவிட்டு, குருத்தையும் கிள்ளும். ஏற்கெனவே மெலிந்து கிடப்பதைத்தான் அது மேலும் மெலிய வைக்கிறது. அதனால்தான் சேதம் வயல் முழுக்கச் சீராகத் தெரியாது, வட்டம் வட்டமாகத் தெரியும்.

எண்ணெய்க்கடுகு என்று நான் சொல்வது ஏப்ரல் மாத இங்கிலாந்துப் படங்களில் மஞ்சளாகப் பூத்துக் கிடக்குமே, அது. 1973-இல் பிரிட்டன் ஐரோப்பியப் பொதுச் சந்தையில் சேர்ந்த பிறகுதான் அது இந்த மண்ணில் பெருகியது. அதற்கு முன் குளிர்காலத்தில் புறாவுக்குத் தீனி பெரும்பாலும் க்ளோவர் புல். பனி மூடினால் அது கிடைக்காது, கூட்டம் கூட்டமாகச் சாகும். கடுகு பனிக்கு மேலே தலை நீட்டிக்கொண்டு நிற்கும் பயிர். மாரிக்காலம் முழுக்கப் பச்சை இலை. இன்றைக்குப் பிரிட்டனில் ஏறத்தாழ ஐம்பது லட்சம் ஜோடி காட்டுப்புறா. கழுத்தில் வெள்ளைப் பட்டை, இறக்கையில் வெள்ளைக் கீற்று, அரைக்கிலோ கனம். நம் கோபுரத்துப் புறாவைவிட ஒரு சுற்றுப் பெரிது.

வரத்து தெரிந்துவிட்டால் அடுத்தது காற்று. இறங்கும்போது புறா காற்றுக்கு எதிர்முகமாகத்தான் இறங்கும். அதனால் காற்று நம் முதுகில் அடிக்க வேண்டும். புறா நம் முகத்துக்கு நேரே வந்து வேகம் குறைந்து, கால் நீட்டுகிற நேரத்தில் முன்னால் இருக்கும். முதுகுக் காற்று கிடைக்காவிட்டால் பக்கவாட்டுக் காற்றும் பரவாயில்லை. காற்று முகத்தில் அடித்தால் புறா தலைக்குப் பின்னாலிருந்து வந்து, மறைப்புக்கு மேலே கடக்கும்போதே உள்ளே பார்த்துவிடும். ராத்திரி வானொலியில் வானிலை கேட்பது இதற்காகத்தான். தென்மேற்கு என்றால் ஒரு வேலி, கிழக்கு என்றால் இன்னொரு வேலி. காற்றே இல்லாத நாளில் அவர் வீட்டை விட்டுக் கிளம்பவே மாட்டார். சத்தம் எட்டுத் திக்கும் போகும், புறா எந்தப் பக்கமும் இறங்கும், போய் என்ன செய்ய என்பார்.

பார்வைப் புறாக்களை வைப்பதும் காற்றைப் பார்த்துத்தான். பிளாஸ்டிக் பொம்மைகள், மேலே மெத்தென்று பூச்சு அடித்தவை. பூச்சு இல்லாத பொம்மை மழை ஈரத்தில் மினுங்கிக் காரியத்தைக் கெடுத்துவிடும். லாடம் வடிவில், வாய் காற்று போகும் பக்கம் திறந்திருக்க, எல்லாம் ஏறத்தாழ காற்றைப் பார்த்தபடி, ஆனால் ராணுவ அணிவகுப்பாக இல்லாமல். நடுவே வெற்றிடம். வருகிற புறா அந்த வெற்றிடத்தில்தான் இறங்கப் பார்க்கும். அது மறைப்பிலிருந்து இருபது, இருபத்தைந்து கஜம். அதைத் தாண்டிச் சுடுவது காயப்படுத்துவதற்குத்தான் உதவும் என்பது அவர் கட்சி. இப்போது மின்கலத்தில் ஓடும் சுழலிகள் வந்துவிட்டன; இரண்டு நீளக் கைகளில் செத்த புறாக்களை விரித்து வைத்தால் வட்டமாகச் சுற்றும், தூரத்திலிருந்து இறங்கப் போகிற புறாவாகத் தெரியும். அவருக்கு அது பிடிக்கவில்லை. ஆனாலும் வைத்திருந்தார். எங்கள் ஊரில் கூண்டுக்குள் பார்வைக் கவுதாரி வைத்துக் காட்டுக் கவுதாரியை இழுத்துப் பிடிப்பதைச் சொன்னேன். உயிருள்ள பறவையைக் கட்டி வைத்துப் பார்வையாகப் பயன்படுத்துவது இங்கே 1981-ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டப்படி குற்றம் என்றார். எங்கள் ஊரிலும் 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி கவுதாரி பிடிப்பதே குற்றம்தான் என்றேன். குற்றம் என்று தெரிந்த பிறகு நிறுத்திவிட்டார்களா என்று கேட்டார். பதில் சொல்லாமல் தேநீர் ஊற்றினேன்.

மறைப்பு கட்டுவதை விடப் பிரிப்பதுதான் நேரம் பிடிக்கும், வலை முள்ளில் மாட்டிக்கொள்ளும். கட்டுவது சுலபம். நீட்டிச் சுருக்கும் கழி ஐந்தோ ஆறோ, அடியில் மிதித்து இறக்கக் கால்வைப்பு இருக்கும். அதில் உருமறைப்பு வலை. உட்கார்ந்தால் கண்ணுக்குக் கீழே விளிம்பு நிற்க வேண்டும், எழுந்தால் மார்பளவு. எல்லாரும் முன்பக்கத்தை மும்முரமாக மூடுவார்கள். கிழவர் பின்பக்கத்தில்தான் ஆரம்பிப்பார். பின்னால் வெளிச்சம் இருந்தால் மனுஷனின் தலையும் தோளும் நிழலுருவாக வெட்டிக் காட்டிவிடும். முன்னால் எத்தனை அழகான வலை இருந்தும் பிரயோசனமில்லை. பின்னால் அடர்ந்த வேலி, மேலே கொஞ்சம் கூரை. புறா நம் மட்டத்தில் வருவதில்லையே, மேலேயிருந்து பார்க்கிறது. கண் தலையின் பக்கவாட்டில் இருப்பதால், திரும்பாமலே ஏறக்குறைய சுற்றிலும் பார்க்கும். நிறத்தையும் நம்மைவிடக் கூடுதலாகப் பிரித்தறியும், புற ஊதா ஒளி உட்பட. அதனால் வலையை மட்டும் நம்பாமல், அந்த வேலியிலேயே எல்டர், ஹாத்தார்ன் கிளைகளை ஒடித்து வலையில் செருகுவார். அந்த இடத்துத் தழைதான் வேண்டும். பக்கத்து வயலிலிருந்து கொண்டு வந்த தழை கூடாது. மார்ச் முதல் தேதி வந்துவிட்டால் ஆகஸ்ட் கடைசிவரை விவசாயிகள் வேலி வெட்டக் கூடாது, பறவைகள் கூடு கட்டும் காலம். அந்த மாதங்களில் கிளையைத் தொடமாட்டார். வேலியடியில் வளரும் நெட்டில் செடியை அறுத்து வைப்பார். காஞ்சொறிக்கு அண்ணன் அது. கையுறையைத் தாண்டி மணிக்கட்டில் ஏறி அரிக்கும்.

முகத்துக்கு அவர் ஒரு மெல்லிய வலை போட்டுக்கொள்வார். பச்சைக்கு நடுவில் வெள்ளை முகம் ஒன்று நிமிர்ந்தால் அரை மைலுக்குத் தெரியும். எனக்கு வேண்டுமா என்று கேட்கத் தயங்கினார், என் நிறத்தைப் பற்றிப் பேசுவதாக ஆகிவிடுமே என்று. நானே கேட்டுவிட்டேன். கொஞ்சம் யோசித்து, வியர்த்தால் எல்லா முகமும் மினுங்கும் என்று சொல்லி ஒன்றை நீட்டினார். என் முகத்தைவிட என் மூக்குக்கண்ணாடிதான் அவருக்குப் பெரிய தொந்தரவு. வெயில் எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கம் நான் திரும்பக் கூடாது. நிறத்தைக்கூடப் புறா மன்னிக்கும், அசைவை மன்னிக்காது. கை மெதுவாக அசைவதையும்விட, முகம் சட்டென்று நிமிர்வதுதான் கெடுத்துவிடும். புறா வருகிறது என்று அவர் முணுமுணுத்ததும் எனக்கு நிமிர்ந்து பார்க்கத் தோன்றும். பார்க்காமல் வலையின் கண்ணி வழியாகத் தரையைப் பார்த்துக்கொண்டிருக்கப் பழக வேண்டும். பெரிய சோதனை அது.

அப்படித் தரையைப் பார்த்துக்கொண்டிருந்ததில் பார்த்தவைதான் அதிகம். பழுப்பு முயல் ஒன்று வலையிலிருந்து ஒரு முழம் தள்ளி நின்று காது சொறிந்துகொண்டு போயிருக்கிறது. வேலிக்குள் மஞ்சள் தலைச் சிட்டு. முண்ட்ஜாக் என்கிற குட்டை மான், நாய் மாதிரிக் குரைத்துக்கொண்டு. ஒருநாள் வல்லூறு இனத்துப் பறவை ஒன்று எங்கிருந்தோ தாழப் பறந்து வந்து பிளாஸ்டிக் புறாவின் முதுகில் நகத்தை இறக்கியது. இரண்டு தடவை கொத்திப் பார்த்துவிட்டு, சுற்றுமுற்றும் யாராவது பார்த்துவிட்டார்களா என்று பார்த்துக்கொண்டு போனது. கிழவர் சிரிப்பை அடக்க முடியாமல் தோட்டாப் பெட்டியைத் தட்டிவிட்டார். அன்றைக்கு அதற்கப்புறம் ஒரு புறாவும் வரவில்லை.

அவர் வீட்டில் ஓர் அலமாரி முழுக்கத் துப்பாக்கிப் புத்தகங்கள். முதுகு கிழிந்து ஒட்டுப்போட்டது ஆர்ச்சி கோட்ஸ் எழுதியது, 1963-இல் வந்தது. கோட்ஸ் ஹாம்ப்ஷயரில் இருந்த ஓய்வுபெற்ற ராணுவ மேஜர். புறா சுடுவதையே பிழைப்பாக வைத்திருந்தவர். 1962 ஜனவரியில் ஒரே நாளில் 550 புறா வீழ்த்தியவர். அவர் மனைவி புரூ கோட்ஸ் வேட்டைக் கறிச் சமையல் புத்தகங்களுக்குப் பேர்போனவர். ஒரு வீட்டிலேயே தொழில் முழுமையாக இருந்திருக்கிறது. கிழவர் அந்த 550-ஐப் பற்றிப் பேசமாட்டார். அந்த மனுஷன் வண்டியில் எத்தனை மைல் சுற்றி வயல் வயலாகப் பார்த்துவிட்டு ஓரிடத்தில் உட்கார்ந்தார் என்பதைத்தான் பேசுவார். உட்கார்ந்த பிறகும் வரத்து ஐம்பது கஜம் தள்ளிப் போகிறது என்று தெரிந்தால், கட்டிய மறைப்பைக் கலைத்து ஐம்பது கஜம் தள்ளிக் கட்ட வேண்டும். பாதிப்பேர் அதைச் செய்வதில்லை, கட்டிவிட்டோமே என்று அங்கேயே உட்கார்ந்து தூரத்தில் போகிற புறாவைத் திட்டுகிறார்கள் என்பார். இதைச் சொல்லும்போது அவர் குரலில் எப்போதும் யாரோ ஓர் ஆள் மீது கோபம் இருக்கும். யார் என்று நான் கேட்டதில்லை.

எங்கள் வயல்களிலிருந்து கொஞ்ச தூரத்தில் கார்ல்டன் என்ற ஊர். ரொனால்ட் மர்ட்டன் என்ற பறவையியலாளர், விவசாய அமைச்சகத்துக்காக, அங்கேதான் காட்டுப்புறாக்களை வருஷக்கணக்கில் எண்ணி ஆராய்ந்தார். 1965-இல் அவர் எழுதிய புத்தகம் இன்றைக்கும் இந்தப் பறவைக்கு மூலநூல். அந்தக் காலத்தில் அரசாங்கம் புறா சுடுவதற்குத் தோட்டாவுக்கு மானியம் கொடுத்துக்கொண்டிருந்தது. மர்ட்டன் கண்டதோ வேறு. குளிர்காலம் முடியும்போது எத்தனை புறா மிஞ்சும் என்பதை க்ளோவர் இலையின் அளவுதான் தீர்மானிக்கிறது. சுட்டுத் தள்ளுகிற புறாக்களில் பெரும்பங்கு எப்படியும் பட்டினியில் போகவிருந்தவை. குளிர்காலத்தில் சுட்டு இனத்தின் எண்ணிக்கையைக் குறைக்க முடியாது. இதை மறைப்புக்குள் உட்கார்ந்து கிழவரிடம் சொன்னபோது அவர் கோபப்படவில்லை. மர்ட்டனின் ஆட்கள் வந்து போனதை அவர் சிறுவனாகப் பார்த்திருக்கிறார். மர்ட்டன் எண்ணினது நாடு முழுக்க இருக்கிற புறாவை, நான் பார்த்துக்கொள்வது இந்த எட்டு ஏக்கரை என்றார். இந்த வயலிலிருந்து எழுப்பிவிட்டால் அது அடுத்த வயலுக்குப் போகிறது, அதுதானே என்றேன். அடுத்த வயல்காரனும் என்னைத்தான் கூப்பிடுகிறான் என்றார்.

இதில் நியாயம் எந்தப் பக்கம் என்று எனக்குள் ஓடிக்கொண்டே இருந்தது, இன்னும் ஓடுகிறது. சட்டமும் அதே கேள்வியில்தான் நிற்கிறது. காட்டுப்புறாவைச் சுடுவதற்குப் பருவம் கிடையாது. பொது உரிமம் ஒன்று இருக்கிறது, அதன்படி பயிருக்குக் கடும் சேதம் வராமல் தடுக்க மட்டுமே சுடலாம், மற்ற வழிகளையும் செய்து பார்த்திருக்க வேண்டும். 2019 ஏப்ரல் கடைசியில், கிறிஸ் பேக்கம் முதலியோர் நடத்தும் ஒயில்டு ஜஸ்டிஸ் அமைப்பு அந்த உரிமங்களை எதிர்த்து வழக்குக்குத் தயாரானதும், அவற்றைத் தரும் நேச்சுரல் இங்கிலாந்து என்ற அரசு அமைப்பு பழைய உரிமங்களைச் சட்டென்று ரத்து செய்தது. முளைவிட்ட பட்டாணி வயலில் நிற்கிற நேரம். கிழவர் துப்பாக்கியைப் பெட்டியில் பூட்டிவிட்டு, தகர டப்பாவைத் தட்டிக்கொண்டு வயலைச் சுற்றி நடந்தார். எனக்கு எங்கள் கொல்லை ஞாபகம் வந்தது. சிரிக்கக் கூடாது என்று இருந்துவிட்டேன். கொஞ்ச நாளில் காட்டுப்புறாவுக்கென்று தனி உரிமம் வந்தது, பிறகு 2021 ஜனவரியிலிருந்து இப்போதுள்ள ஏற்பாடு. பேக்கத்தைத் திட்டாத ஆளை அந்த மாதம் எங்கள் ஊர் மதுக்கடையில் பார்க்க முடியாது. கிழவர் திட்டவில்லை. காஸ் துப்பாக்கி வாங்கிய ரசீதை எடுத்து ஒரு கோப்பில் போட்டு வைத்தார், யாராவது கேட்டால் காட்டுவதற்கு.

கோடையில் மறைப்பு வேறு விதம். ஆகஸ்டில் கோதுமை சாய்ந்து கிடக்கும் இடத்தில் புறா விழும். அறுத்த பிறகு தாளடியில் சிந்திய மணிக்கு வரும். நட்ட நடு வயலில் வேலி ஏது? வைக்கோல் கட்டுகளை அடுக்கி உள்ளே உட்கார்வார்கள். கை தூக்குகிற சின்னக் கட்டுகள் இப்போது அபூர்வம், எல்லாம் இயந்திரம் தூக்குகிற பெரிய கட்டு. விவசாயி எந்த நாள் ஏற்றிப் போவார் என்று கேட்டுக்கொள்ளாமல் அதற்குள் உட்காரக் கூடாது. உள்ளே காற்று நுழையாது, வைக்கோல் தூசி, குளவி. கரிசல் வெயிலில் வளர்ந்தவன் என்ற பெருமையெல்லாம் பகல் பன்னிரண்டு மணிக்குக் கரைந்துவிடும். கிழவரின் லாப்ரடார் நாய் நிழல் தேடி என் காலுக்கு அடியில் படுத்துக்கொள்ளும். விழுந்த புறாவை எடுக்கச் சொன்னால் ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்க்கும்.

கறியைப் பற்றிச் சொல்லாமல் விடக் கூடாது. வேட்டைக்கறி வியாபாரி புறாவுக்குக் கொடுப்பது சில்லறைக் காசு; தோட்டாச் செலவுக்குக் கட்டாது. நெஞ்சுக்கறி மட்டும் இரண்டு துண்டாக எடுப்பார்கள், கருஞ்சிவப்பு. அவர்கள் வெண்ணெயில் இரண்டு பக்கமும் நிமிஷக் கணக்கில் காட்டி, உள்ளே சிவப்பாக இருக்கும்போதே தின்பார்கள். என் மனைவி சின்ன வெங்காயமும் மிளகும் தட்டிப் போட்டு நன்றாக வறுத்துவிடுவாள். கிழவர் ஒருதடவை சாப்பிட்டுவிட்டு, புறாவைக் கண்டுபிடிக்க முடியவில்லை, ஆனால் நன்றாக இருக்கிறது என்றார். பல்லில் ரவை கடிபடும், கவனம். ஈய ரவையைப் பற்றி மருந்துக்காரன் என்ற முறையில் அவருக்கு நான் சொல்லிக்கொண்டே இருந்தேன், குறிப்பாகக் குழந்தைகளுக்குக் கொடுக்க வேண்டாம் என்று. 2020-இல் ஒன்பது அமைப்புகள் சேர்ந்து, பறவை சுடுவதில் ஐந்தாண்டுக்குள் ஈயத்தை விட்டுவிடுவோம் என்று அறிவித்தன. அவர் எஃகு ரவைக்கு மாறினார், பழைய துப்பாக்கிக்கு ஒத்துக்கொள்ளுமா என்று துப்பாக்கிக் கடைக்காரரிடம் இரண்டு தடவை கேட்டுவிட்டு.

இத்தனையும் பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்த அந்த வேலி ஓட்டைக்கு இப்போது வேலையில்லை. கடுகு போய்விட்டது. விதைக்கு நேர்த்தி செய்யும் நியோநிகோட்டினாய்டு மருந்துகளை 2013 டிசம்பரில் ஐரோப்பிய ஒன்றியம் தடுத்தது. அதன்பின் இலைத்துள்ளி வண்டு முளையையே தின்று தீர்த்தது. 2012-இல் நாட்டில் ஏழு லட்சம் ஹெக்டேருக்கு மேல் இருந்த கடுகு, 2021-இல் பாதிக்கும் கீழே வந்தது. எங்கள் பக்கத்து விவசாயியும் இரண்டு வருஷம் மறுவிதைப்புச் செய்து பார்த்துவிட்டு விட்டுவிட்டார். எள்ளளவு வண்டு புறாக்களை அந்த வயலிலிருந்து காலி பண்ணிவிட்டது. காட்டின் தெற்கு முனையிலிருந்து கிளம்பி, பள்ளத்தின் மேலாக வந்து, மின்கோபுரத்துக்கு இந்தப் பக்கம் திரும்புமே, அந்த வரத்து இப்போது இல்லை. கிழக்கே திரும்பிவிட்டது. மர்ட்டன் இருந்திருந்தால் ஆச்சரியப்பட்டிருக்க மாட்டார்.

கிழக்கு வயலில் இந்த வருஷம் பட்டாணி. மார்ச் கடைசியில் விதைத்தது, இப்போது பச்சை வரி தெரிகிறது. வேலி தூரம். நடுவே பழைய குட்டை ஒன்று, சுற்றி நாலைந்து ஆஷ் மரங்கள், அவற்றிலும் நோய் விழுந்து உச்சிகள் மொட்டை. போன ஞாயிறு வண்டியில் உட்கார்ந்து பார்த்தோம். எனக்கு வாய்க்கால் கரைதான் சரி என்று பட்டது, இறங்குகிற இடத்துக்குக் கிட்டே. அவர் குட்டை என்கிறார். மேற்குக் காற்றுக்கு அதுதான் முதுகு கொடுக்கும், மொட்டை மரத்தில் புறா உட்கார்ந்து பார்த்துவிட்டுத்தான் இறங்குகிறது, பார்த்தாயா இல்லையா என்கிறார். குட்டைக் கரையில் நெட்டில் இன்னும் முழங்கால் உயரம்கூட வரவில்லை, பின்பக்கம் எதை வைத்து மூடுவது என்று கேட்டேன். இரண்டாவது வலையைத் தேடி எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறார். அது எங்கள் வீட்டுக் கொட்டகையில்தான் எங்கேயோ கிடக்கிறது.